காட்டுக்குள் ஊர்ச் சாலை: நான்கு வழிகளில் எதைப் பிடிப்பது?

பென்னாகரம், அஞ்செட்டி, தேன்கனிக்கோட்டை, அரூர் பக்கத்து மலையூர்களிலிருந்து வரும் கேள்விகள் எல்லாம் கடைசியில் ஒரே கேள்விதான். ஊருக்குச் சாலை வேண்டும், நிதியும் கிடைத்துவிட்டது, நடுவில் ஒன்றிரண்டு கிலோமீட்டர் காடு கிடக்கிறது. வனத்துறை நிறுத்திவிட்டது அல்லது நிறுத்தப்போகிறது. என்ன செய்வது?

தேர்தல் வந்தால் வாக்கு எந்திரத்தைக் கழுதை மேல் ஏற்றிக் கோட்டூர்மலைக்குக் கொண்டுபோன தருமபுரி மாவட்டம் இது. சாலை வேண்டாம் என்று அந்த மக்களிடம் சொல்ல யாருக்கும் வாய் வராது. அதே சமயம், பன்னார்கட்டாவிலிருந்து ஜவளகிரி, தளி வழியாகச் சானமாவு வரை யானைக் கூட்டம் ஆண்டுதோறும் நடக்கும் கிருஷ்ணகிரி மாவட்டமும் பக்கத்திலேயே இருக்கிறது. இரண்டையும் வைத்துக்கொண்டுதான் முடிவெடுக்க வேண்டும்.

கையில் இருக்கும் வழிகள் நான்கு:

1. இருக்கிற தடத்தை அகலப்படுத்தாமல் சீர் செய்வது.
2. வன உரிமைச் சட்டத்தின் 3(2) பிரிவில், கிராம சபை மூலம் ஒரு ஹெக்டேருக்குள் காட்டு நிலம் பெறுவது.
3. வனப் பாதுகாப்புச் சட்டத்தின்படி முழு அனுமதி வாங்கி அகலமான சாலை போடுவது.
4. காட்டை விட்டு விலகிப் பட்டா நிலம் வழியாகச் சுற்றிப் போவது.

பெரும்பாலும் எஸ்டிமேட் போட்டு, டெண்டர் விட்டு, ஜேசிபி இறங்கிய பிறகுதான் இந்த நான்கும் பேச்சுக்கு வருகின்றன. அந்த நேரத்தில் தேர்ந்தெடுக்க எதுவும் மிச்சம் இருக்காது.

## முதலில் அளக்க வேண்டியவை

நிலம் எந்த வகை? பட்டாவா, புறம்போக்கா, காப்புக் காடா, சரணாலயமா என்பதில்தான் எல்லாம் தொடங்குகிறது. விஏஓவிடம் இருக்கும் அ-பதிவேடும் புல வரைபடமும் பாதி உண்மையைத்தான் சொல்லும். மீதிக்கு வனச்சரக அலுவலகத்து வரைபடத்தைப் பார்க்க வேண்டும். தமிழ்நாடு வனச் சட்டம் 1882-இன் 16-ஆம் பிரிவில் காப்புக் காடு என்று அறிவித்த நிலம் ஒரு வகை. 4-ஆம் பிரிவு அறிவிப்போடு நின்று, இறுதி அறிவிப்பு வராமல் கிடக்கும் நிலம் இன்னொரு வகை. இரண்டாவதை வெறும் தரிசு என்று நினைத்து வேலை தொடங்கிய ஊர்கள்தான் அதிகம் மாட்டிக்கொள்கின்றன.

வருவாய்ப் பதிவேட்டில் காடு என்று இல்லாவிட்டாலும் தப்பிவிட முடியாது. பார்த்தால் காடாக இருக்கும் நிலத்தைக் காடாகவே கருத வேண்டும் என்பது 1996 டிசம்பர் 12 அன்று கோதவர்மன் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. வனப் பாதுகாப்புச் சட்டத்தின் 2023 திருத்தம் அதைச் சுருக்கப் பார்த்தது. ஆனால் அந்தத் திருத்தம் தொடர்பான வழக்கில் 2024 பிப்ரவரியில் வந்த இடைக்கால உத்தரவு பழைய விளக்கத்தையே பின்பற்றச் சொல்கிறது.

இந்த இரண்டு மாவட்டங்களுக்கே உரிய சிக்கல் ஒன்றும் உண்டு. காவேரி வடக்கு சரணாலயம் 2014-இல் அறிவிக்கப்பட்டது, பரப்பு 504.33 சதுர கிலோமீட்டர். காவேரி தெற்கு சரணாலயம் 2022 நவம்பரில் வந்தது, 686.406 சதுர கிலோமீட்டர். அதுவரை காப்புக் காடாக இருந்த பகுதிகளே பெரும்பாலும் இப்படிச் சரணாலயம் ஆயின. ஊராட்சி ஒன்றிய அலுவலகத்தின் பழைய கோப்பில் ‘காப்புக் காடு’ என்று எழுதியிருக்கும் இடம் இன்று சரணாலயமாக இருக்கலாம். பழைய எஸ்டிமேட்டைத் தூசி தட்டி விலையை மட்டும் திருத்தி அனுப்புபவர்கள் இதைக் கவனிப்பதில்லை.

காகிதத்தில் பார்த்தது போதும் என்று விட்டுவிடாமல், இடத்திலும் போய்ப் பார்க்க வேண்டும். வன எல்லையில் கல் குவியல் இருக்கும், அதில் எண்ணும் இருக்கும். உண்ணிச்செடிப் புதர் அதை மூடியிருக்கும். அரிவாளால் புதரை விலக்கி, கல்லைத் துடைத்துவிட்டு, “ஏங்க ஓவர்சீயர், இந்தக் கல்லு உங்க எஸ்டிமேட்ல இல்லையே” என்று வனவர் கேட்கும் காட்சி பல ஊர்களில் நடப்பதுதான். கல்லுக்கு இந்தப் பக்கம் பத்தடி என்றால் ஊராட்சி வேலை, அந்தப் பக்கம் பத்தடி என்றால் வனக் குற்றம்.

அகலம் எவ்வளவு? என்னைக் கேட்டால், நிலத்தின் வகைக்கு அடுத்து இதுதான் எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது. எத்தனை மரம் விழும், எவ்வளவு காட்டு நிலம் போகும், எந்தச் சட்டத்துக்குள் அடங்கும் என்பதெல்லாம் அகலத்தைப் பெருக்கிப் பார்த்தால் தெரிந்துவிடும். ஒற்றைவழிச் சாலையில் தார் போடும் அகலம் 3.75 மீட்டர், ஓரங்களோடு சேர்த்து 7.5 மீட்டர் என்பது வழக்கமான கணக்கு. போக்குவரத்து மிகக் குறைவான கிராமச் சாலைக்கு 3 மீட்டர் தாரும், ஓரங்களோடு 6 மீட்டரும் போதும் என்று பிரதமர் கிராமச் சாலைத் திட்ட அளவுகளே ஒப்புக்கொள்கின்றன. ஒரு ஹெக்டேர் என்பது பத்தாயிரம் சதுர மீட்டர். 7.5 மீட்டர் அகலத்தில் 1,333 மீட்டர் நீளத்திலேயே அது தீர்ந்துவிடும். 6 மீட்டரில் 1,666 மீட்டர் வரை வரும்.

யாருக்காகச் சாலை? இரவில் 108 வரவேண்டுமா, பள்ளிப் பிள்ளைகளுக்கு மினி பஸ் வேண்டுமா, ராயக்கோட்டை மண்டிக்குத் தக்காளி ஏற்ற லாரி வேண்டுமா என்று கிராம சபையில் பிரித்துக் கேளுங்கள். முதலிரண்டும்தான் தேவை என்றால் 3 மீட்டரில், நடுநடுவே வண்டி ஒதுங்க இடம் விட்டு, முடித்துவிடலாம். லாரி என்றால் கணக்கே வேறு.

அங்கே என்ன வாழ்கிறது? யானை மட்டுமல்ல. ஆற்றோரம் என்றால் நீர்நாய், முதலை, நன்னீர் ஆமை. புதர்க்காடு என்றால் உடும்பு, எறும்புதின்னி, மலைப்பாம்பு. மயில் எல்லா இடத்திலும் இருக்கிறது. இவற்றுக்குச் சரணாலய எல்லை ஒரு பொருட்டல்ல. வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் 1972-இன் வேட்டைத் தடை பட்டா நிலத்திலும் அப்படியே பொருந்தும், முட்டையையும் கூட்டையும் சேதப்படுத்துவதும் அதில் அடங்கும்.

பணமும் காலமும் எல்லோரும் தாமாகவே கணக்கிடுபவை. அவற்றில் வெளியே தெரியாத பகுதியை மட்டும் ஒவ்வொரு வழியிலும் சொல்கிறேன்.

## வழி 1: இருக்கிற தடத்திலேயே

வனப் பாதுகாப்புச் சட்டம் நடைமுறைக்கு வந்தது 1980 அக்டோபர் 25. அதற்கு முன்பே இருந்த சாலையை, அகலப்படுத்தாமல், புதிதாக நிலம் உடைக்காமல், மரம் வெட்டாமல் பராமரிப்பதற்குக் காப்புக் காட்டில் மத்திய அனுமதி கேட்கும் வழக்கமில்லை. வனத்துறைக்கு எழுதி, அவர்கள் சம்மதத்தோடு செய்யலாம்.

இதில் மேலே தெரியாத செலவு, ‘முன்பே இருந்தது’ என்று நிரூபிப்பது. பெரியவர்கள் நினைவில் இருக்கிறது என்றால் போதாது. பழைய நில அளவை வரைபடம், இந்திய நில அளவைத் துறையின் பழைய தாள், ஒன்றியத்தின் சாலைப் பதிவேடு, வனத்துறையின் பழைய செயல்திட்டம் என்று ஏதாவது ஒன்றில் அந்தத் தடம் கோடாக இருக்க வேண்டும். மாட்டுத் தடமாக மட்டும் இருந்தது என்றால் சாலை என்று வாதாடுவது கஷ்டம்.

அகலப்படுத்தாமல் எப்படி நல்ல சாலை கிடைக்கும் என்று கேட்பார்கள். செங்குத்தான ஏற்றங்களில் சக்கரம் படும் இடத்துக்கு மட்டும் இரண்டு சிமென்ட் பட்டைகள், நடுவில் புல் என்று போட்டால், மழையில் வண்டி வழுக்காது. மண்ணை வெட்டிச் சரிக்கவும் தேவையில்லை. தண்ணீர் குறுக்கே ஓடும் இடத்தில் உயரமான சிறுபாலத்துக்குப் பதிலாகத் தரைமட்டத் தரைப்பாலம் போதும். வெள்ளம் வந்தால் சில மணி நேரம் காத்திருக்க வேண்டும், அவ்வளவுதான். யானையும் அதன் மேலேயே நடந்து கடந்துவிடும்.

குறைகள் உண்டு. பராமரிப்பு ஓயாது; வடிகால் சரியில்லை என்றால் இரண்டு மழையில் பள்ளம். பேருந்து வராது. அப்புறம் அரசியல் சங்கடம்: “தார் ரோடு கேட்டோம், இரண்டு கோடு போட்டுவிட்டுப் போய்விட்டார்கள்” என்று ஊர் பேசும்.

சரணாலயத்துக்குள் இந்தச் சலுகை அப்படியே பொருந்தாது. அங்கே கூழாங்கல்லை நகர்த்துவதற்கும் வன உயிரினச் சட்டத்தின் கீழ் கேட்டுத்தான் செய்ய வேண்டும். ஆனாலும், சரணாலயத்துக்குள் ஊர்களுக்குக் கிடைக்கக்கூடிய வழிகளில் எளிதாக ஒப்புதல் வாங்கக்கூடியது இதுதான்.

## வழி 2: கிராம சபை வழியாக ஒரு ஹெக்டேர்

வன உரிமைச் சட்டம் 2006 என்றாலே தனிநபர் பட்டா என்றுதான் பலர் நினைக்கிறார்கள். அதன் 3(2) பிரிவு 13 வகை ஊர் வசதிகளுக்குக் காட்டு நிலம் தருகிறது: பள்ளி, மருத்துவமனை, அங்கன்வாடி, நியாய விலைக் கடை, மின் மற்றும் தொலைபேசி கம்பி, குளம், குடிநீர்க் குழாய், மழைநீர் சேமிப்பு, சிறு பாசன வாய்க்கால், மரபுசாரா எரிசக்தி, தொழிற்பயிற்சி மையம், சாலை, சமுதாயக் கூடம். நிபந்தனை மூன்று. ஒவ்வொன்றுக்கும் ஒரு ஹெக்டேருக்குள் இருக்க வேண்டும். ஹெக்டேருக்கு 75 மரங்களுக்கு மேல் வெட்டக் கூடாது. கிராம சபை பரிந்துரைக்க வேண்டும்.

இந்தப் பிரிவு வனப் பாதுகாப்புச் சட்டத்தை மீறி நிற்கும் என்று சட்டமே சொல்கிறது. அதனால் கோப்பு சென்னைக்கும் டெல்லிக்கும் போக வேண்டியதில்லை. விண்ணப்பம் வனச்சரகரிடம் போகிறது, அவர் இடம் பார்த்து மாவட்ட வன அலுவலருக்கு அனுப்புகிறார், அங்கேயே முடிவு. அவர் ஒத்துக்கொள்ளாவிட்டால் ஆட்சியர் தலைமையிலான மாவட்டக் குழுவுக்குப் போகும்.

மலையாளி, இருளர் பழங்குடிக் குடியிருப்புகளுக்கு இதைவிடப் பொருத்தமான வழி இல்லை என்பது என் கருத்து. ஆனாலும் நடைமுறையில் குறைவாகவே பயன்படுகிறது. காரணம், காகிதம் சரியாக இருப்பதில்லை.

கிராம சபைத் தீர்மானம் முதல் இடறல். குடியரசு தினத்தன்றோ மே தினத்தன்றோ நடக்கும் வழக்கமான கூட்டத்தில், பத்தாவது பொருளாக ‘சாலை அமைக்க வனத்துறையை வேண்டிக்கொள்வது’ என்று எழுதி வைப்பார்கள். அது செல்லாது. வன உரிமைச் சட்ட விதிகளில் கிராம சபைக்குக் கணக்கு உண்டு: உறுப்பினர்களில் பாதிப் பேராவது வந்திருக்க வேண்டும், வந்தவர்களில் மூன்றில் ஒரு பங்காவது பெண்களாக இருக்க வேண்டும். தீர்மானத்தில் நீளம், அகலம், ஹெக்டேர், மர எண்ணிக்கை எல்லாம் எழுதியிருக்க வேண்டும். ‘சுமார்’ என்ற சொல் இருந்தால் திரும்பி வரும்.

மரக்கணக்கு இரண்டாவது இடறல். 75 என்பது ஹெக்டேர் விகிதம், மொத்த எண்ணிக்கை அல்ல. 0.6 ஹெக்டேர் என்றால் 45 மரம்தான். அடர்ந்த இடத்தில் 6 மீட்டர் அகலத்துக்கே இது மீறிவிடும். இங்கேதான் பொறியாளர் உண்மையாக உழைக்க வேண்டும். சாலை போகும் கோட்டை இரண்டு மீட்டர் வளைத்தால் பெரிய மரங்கள் பலவும் தப்பிவிடும். மேசையில் உட்கார்ந்து நேர்க்கோடு வரைந்தால் முடியாது.

மூன்றாவது, தந்திரம். மூன்று கிலோமீட்டர் காட்டுச் சாலையை இரண்டு ‘சாலை’களாக உடைத்து இரண்டு விண்ணப்பம் போடலாமே என்று யாராவது ஒப்பந்தக்காரர் யோசனை சொல்வார். வேண்டாம். ஒரே சாலை என்று வரைபடத்தைப் பார்த்தவுடனே தெரியும். பிறகு நியாயமான பகுதியும் சேர்ந்து நிற்கும்.

3(2) பிரிவு மீறி நிற்பது வனப் பாதுகாப்புச் சட்டத்தை மட்டும்தான். வன உயிரினச் சட்டத்தை அல்ல. சரணாலயத்துக்குள் என்றால் இந்த அனுமதி கையில் இருந்தாலும் தனி ஒப்புதல் வேண்டும்.

இதோடு சேர்த்து ஒரு சின்னச் சலுகையையும் சொல்லிவிடுகிறேன். அரசு பராமரிக்கும் சாலை அல்லது ரயில் பாதையை ஒட்டிய காட்டில், ஒரு குடியிருப்புக்கு வழி விட 0.10 ஹெக்டேர் வரை வனப் பாதுகாப்புச் சட்டத்திலிருந்து 2023 திருத்தம் விலக்கு தருகிறது. 6 மீட்டர் அகலத்தில் அது 166 மீட்டர் நீளம். பெரிய சாலையிலிருந்து ஊர் கண்ணுக்குத் தெரியும் தூரத்தில் இருந்தால் போதுமானது.

## வழி 3: முழு அனுமதி, அகலச் சாலை

இரண்டு தாலுகாக்களை இணைக்கும் சாலை, பேருந்துத் தடம், நெடுஞ்சாலைத் துறை வேலை என்றால் இதைத் தவிர்க்க முடியாது. விண்ணப்பம் மத்திய அரசின் பரிவேஷ் இணையதளத்தில். துல்லிய ஜிபிஎஸ் அளவை, வரைபடக் கோப்பு, மர அளவெடுப்பு, வன உரிமைகள் தீர்க்கப்பட்டதற்கான ஆட்சியர் சான்று, ஈடாகக் காடு வளர்க்கும் திட்டம் எல்லாம் சேர்ந்தால்தான் கோப்பு முடியும். மாவட்ட வன அலுவலர், வனப் பாதுகாவலர், மாநிலப் பொறுப்பு அலுவலர் என்று ஏறி, மத்திய அமைச்சகத்தின் சென்னை மண்டல அலுவலகத்தில் முடியும். முதல் கட்ட ஒப்புதல் நிபந்தனைகளோடு வரும், பணம் கட்டி நிறைவேற்றினால் இரண்டாம் கட்டம். சாலை போன்ற நீள்வசத் திட்டங்களில் முதல் கட்டத்துக்குப் பிறகு பணத்தைக் கட்டி, வேலை தொடங்க அனுமதி கேட்கலாம்.

பணம் என்றால் எது? காட்டின் நிகர தற்கால மதிப்பு என்று ஹெக்டேருக்குப் பல லட்ச ரூபாய். சரணாலயத்தில் அதைப் போல ஐந்து மடங்கு. ஈடுகட்டும் காட்டுக்கு நடவும் பராமரிப்பும். மர மதிப்பு. இதையெல்லாம் எஸ்டிமேட்டில் ஒரு வரியாகக் கூடச் சேர்க்காமல் நிர்வாக ஒப்புதல் வாங்கியிருப்பார்கள். பிறகு திருத்திய மதிப்பீடு, மறுபடி ஒப்புதல், அதற்குள் விலைவாசி ஏறி ஒப்பந்தக்காரர் கையை விரிப்பார். இந்த வழியில் ஆண்டுகள் போவது வனத்துறையால் மட்டும் என்று சொல்வது நியாயமில்லை. பாதிக் காலம் நம் பக்கக் குறையைத் திருத்துவதில் போகிறது.

சரணாலயம் என்றால் இன்னும் ஒரு மாடி ஏற வேண்டும். வன உயிரினச் சட்டத்தின் 29-ஆம் பிரிவு வாழிடத்தைச் சேதப்படுத்தவோ மாற்றவோ அனுமதி தருவதை, வன உயிரின மேம்பாட்டுக்குத் தேவை என்ற அளவுக்குள் அடக்குகிறது. மாநில வன உயிரின வாரியம், அப்புறம் தேசிய வாரியத்தின் நிலைக்குழு. ஓர் ஊர்ச் சாலை வன உயிரினத்துக்கு எப்படி நல்லது என்று நிலைநாட்டுவது லேசான காரியம் அல்ல. ஊராட்சி அளவு வேலைக்கு இதைத் தொடங்கவே வேண்டாம் என்பேன்.

அனுமதி கிடைத்த பிறகு வடிவமைப்பில் கேட்கப்படும் மாற்றங்களும் செலவுதான். யானை கடக்கும் இடத்தில் தடுப்புச் சுவர் கூடாது, ஓரச் சரிவு மெதுவாக இருக்க வேண்டும், வேகத்தடை வேண்டும். செங்குத்தான சிமென்ட் வடிகால் வேண்டாம், குட்டி இறங்கினால் ஏற முடியாது. மாலை ஆறு முதல் காலை ஆறு வரை வேலை கூடாது என்ற நிபந்தனை வழக்கமாக வரும். ராகி அறுவடையை ஒட்டி, நவம்பர் முதல் பிப்ரவரி வரை, ஓசூர் கோட்டத்தில் யானைக் கூட்டம் நடமாடும் காலம். மழைக்காலத்தையும் கழித்தால் ஆண்டில் கையில் கிடைக்கும் வேலை மாதங்கள் கொஞ்சம்தான். ஒப்பந்தக் காலத்தைப் பன்னிரண்டு மாதம் என்று எழுதுபவர் இதைக் கழிப்பதில்லை.

அனுமதி வாங்காமல் போட்டுவிட்டால்? வனப் பாதுகாப்புச் சட்டத்தின் 3பி பிரிவு அரசுத் துறைக்கும் பொருந்தும், துறைத் தலைவர் வரை பொறுப்பு வரும். தண்டத் தொகையும் சேரும். முதல் அட்டவணை உயிரினம் (உச்சப் பாதுகாப்புப் பெற்றது) பாதிக்கப்பட்டால் வன உயிரினச் சட்டத்தில் மூன்று முதல் ஏழு ஆண்டு வரை சிறை. “அரசு வேலைதானே சார்” என்ற வாதம் எங்கும் எடுபடாது.

## வழி 4: பட்டா வழியாகச் சுற்று

காட்டைத் தொடாமல் போவது சுலபம் என்று தோன்றும். வனத்துறை கையெழுத்து வேண்டாம் என்பதே பெரிய கவர்ச்சி. தூரம் இரண்டு மூன்று கிலோமீட்டர் கூடினால் கூடட்டும் என்பார்கள்.

சிக்கல் நிலத்தில். ஊராட்சிச் சாலை என்றால் வழக்கமாகத் தானப் பத்திரம். பத்துப் பேர் நிலம் வழியாகப் போனால் பத்துப் பத்திரம். அதில் ஒன்று கூட்டுப் பட்டாவாக இருந்தால், பெங்களூரில் வேலை செய்யும் தம்பி கையெழுத்துப் போட வரும் வரை நின்றுவிடும். அரசு ஒப்படை செய்த நிபந்தனைப் பட்டாவைச் சும்மா கைமாற்ற முடியாது. நெடுஞ்சாலைத் துறை என்றால் தமிழ்நாடு நெடுஞ்சாலைச் சட்டம் 2001 வழியாகக் கையகப்படுத்தலாம், இழப்பீட்டுச் சுமை பெரியது. ஓசூர், சூளகிரி பக்கம் நிலவிலை கேட்டால் காட்டுக்குக் கட்டும் பணமே மலிவாகத் தெரியும். பென்னாகரம், பாலக்கோடு பக்கம் இது கட்டுப்படியாகலாம்.

வன உயிரினம் விட்டுவிடும் என்றும் நினைக்க வேண்டாம். யானை ராகிக்கு வரும் தடம் பட்டா நிலத்தின் மேல்தான். பட்டா நிலத்தில் சந்தன மரம் நின்றால் வனத்துறை அனுமதி இல்லாமல் தொட முடியாது. புதுச் சாலை போட்ட மறு வருடம் இருபுறமும் பிளாட் கல் நடுவார்கள், காட்டோரத்தில் வீடு வரும், அப்புறம் யானை ஊருக்குள் வருகிறது என்று மனுக் கொடுப்பார்கள்.

## பக்கத்தில் பக்கத்தில் வைத்தால்

| | வழி 1: பழைய தடம் | வழி 2: 3(2) பிரிவு | வழி 3: முழு அனுமதி | வழி 4: பட்டா சுற்று |
|---|---|---|---|---|
| முடிவு யார் கையில் | மாவட்ட வனத்துறை | மாவட்ட வன அலுவலர், மாவட்டக் குழு | சென்னை மண்டல அலுவலகம். சரணாலயம் என்றால் தேசிய வாரியம் வரை | நில உரிமையாளர்கள், வருவாய்த் துறை |
| உச்ச வரம்பு | பழைய அகலம் | 1 ஹெக்டேர். ஹெக்டேருக்கு 75 மரம் | சட்டத்தில் அளவில்லை, செலவில் உண்டு | நிலம் கிடைக்கும் வரை |
| காத்திருப்பு | குறைவு | மாதக்கணக்கு | ஆண்டுக்கணக்கு | ஒருவர் முரண்டுபிடித்தால் முடிவே இல்லை |
| மறைந்த செலவு | பழைமையை நிரூபிப்பது, பராமரிப்பு | கிராம சபைக் காகிதம், கோட்டை வளைப்பது | மதிப்புத் தொகை, ஈட்டுக் காடு, வேலை மாதக் குறைவு | பத்திரம், வாரிசு வழக்கு, கூடும் தூரம் |
| சரணாலயத்துக்குள் | தனி ஒப்புதலோடு முயலலாம் | தனி ஒப்புதல் தேவை | மிகக் கடினம் | வெளியே போவதால் சிக்கல் குறைவு |
| பேருந்து, லாரி | வராது | மினி பஸ் வரை | வரும் | வரும் |

## எந்த வழியானாலும் பிடித்துக்கொள்ளும் நான்கு

சாலையோர மரம். காட்டுக்கு வெளியே அரசு நிலத்தில் நிற்கும் மரத்தை வெட்ட ஆட்சியர் தலைமையிலான மாவட்டப் பசுமைக் குழுவிடம் போக வேண்டும். தருமபுரி, கிருஷ்ணகிரியில் இது பெரும்பாலும் புளிய மரம். ஒரு மரத்துக்குப் பத்துக் கன்று என்பது வழக்கமான நிபந்தனை, அதற்கு இடமும் தண்ணீரும் யார் தருவது என்று முன்பே எழுதுங்கள். புளி மகசூல் ஏலத்தில் வருடாவருடம் வந்துகொண்டிருந்த தொகை மரத்தோடு போகும். அந்த இழப்பை எந்த எஸ்டிமேட்டிலும் நான் பார்த்ததில்லை. வெட்டுவதற்கு முந்தின நாள் மேலே அண்ணாந்து பாருங்கள். நாரைக் கூட்டமோ பழந்தின்னி வௌவாலோ இருந்தால் நிறுத்துங்கள். பழந்தின்னி வௌவால் முன்பு தொல்லை விலங்குப் பட்டியலில் இருந்தது. அந்தப் பட்டியலையே 2022 திருத்தம் எடுத்துவிட்டது. ‘வௌவால்தானே’ என்று இப்போது சொல்ல முடியாது.

மின்கம்பி. 2023 மார்ச்சில் கம்பைநல்லூர் அருகே ஏரிக்கரை மேல் ஏறிய யானை, தாழ்வாகப் போன மின்கம்பியில் பட்டு இறந்தது. சாலையை மண் கொட்டி மூன்றடி உயர்த்தும்போது கம்பி மூன்றடி தாழ்ந்துவிடுகிறது என்பதை வரைபடத்தில் யாரும் குறிப்பதில்லை. கம்பத்தை உயர்த்தும் செலவை மின்வாரியத்திடம் முன்பே கேட்டு எஸ்டிமேட்டில் சேர்ப்பது நல்லது.

ஜல்லியும் கிராவலும். சரணாலயத்திலிருந்து ஒரு கிலோமீட்டருக்குள் குவாரி கூடாது என்று 2021 நவம்பரில் மாநில விதி வந்தது. அப்போது காப்புக் காட்டுக்கும் பொருந்தியது, 2022 டிசம்பரில் காப்புக் காடு மட்டும் நீக்கப்பட்டது. ஆக, சரணாலயத்தை ஒட்டிய ஊர்களில் பக்கத்துக் குன்றில் எடுத்துக்கொள்ளலாம் என்று போட்ட கணக்கு தவறும். டிப்பர் தூரம் கூடும். காட்டு நிலத்தில் ‘ஓரமாக இரண்டு லோடு’ மண் எடுப்பது தனிக் குற்றம், அனுமதியோடு போடும் சாலையில் நடந்தாலும் சரி.

ஆட்கள் தங்கும் கொட்டகை. காட்டுக்கு வெளியே அடியுங்கள், சமைக்க காஸ் சிலிண்டர் கொடுங்கள். விறகுக்குப் போனவர் உடும்போடு திரும்பினால் வழக்கு ஒப்பந்தக்காரரோடு நிற்காது.

## எந்த ஊருக்கு எது

பத்து இருபது வீடு, தடம் பழைய வரைபடத்தில் சாலையாக இருக்கிறது, முக்கியத் தேவை ஆம்புலன்ஸ் என்றால் வழி 1. சரணாலயத்துக்குள் இருக்கும் ஊருக்கும் முதலில் இதையே முயலுங்கள்.

காப்புக் காடு, சரணாலயம் அல்ல, காட்டில் போகும் நீளம் ஒன்றரை கிலோமீட்டருக்குள், பள்ளிக்கூடம் போகும் பிள்ளைகள் இருக்கிறார்கள் என்றால் வழி 2. அகலத்தை 6 மீட்டருக்குள் அடக்க மனமிருந்தால் பாதி வேலை முடிந்தது. ஒரே கோப்பில் குடிநீர்க் குழாயையும் சேர்க்காதீர்கள், அது தனி வசதி, தனி விண்ணப்பம்.

பல ஊர்களுக்குப் பேருந்துத் தடம், துறைக்குப் பணமும் பொறுமையும் உண்டு, காப்புக் காட்டில்தான் போகிறது என்றால் வழி 3. அப்போதும் காட்டுப் பகுதியில் மட்டும் அகலத்தைக் குறைத்து, வெளியே வந்ததும் விரிக்கச் சொல்லுங்கள். சாலை முழுக்க ஒரே அகலம் இருந்தாக வேண்டும் என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை.

வழி 4 இரண்டு சமயத்தில் மட்டும்: நேர்வழி சரணாலயத்தின் நடுவே போகிறது, அல்லது சுற்றுவழியில் நிலம் தருபவர்கள் விரல்விட்டு எண்ணும் அளவில்தான், எல்லாம் தனிப் பட்டா. இரண்டும் இல்லையென்றால் பத்திரப் பதிவு அலுவலகத்திலேயே வயதாகிவிடும்.

எதைத் தேர்ந்தாலும், எஸ்டிமேட் போடுவதற்கு முன்பு வனச்சரகரையும் சர்வேயரையும் பொறியாளரையும் ஒரே நாளில் அந்தத் தடத்தில் நடக்க வையுங்கள். கைபேசி ஜிபிஎஸ்ஸில் ஒவ்வொரு எல்லைக் கல்லையும், இரண்டு பேர் கட்டிப்பிடிக்கும் அளவு மரத்தையும், யானைச் சாணி கிடக்கும் இடத்தையும் குறித்து, மூவரும் கையெழுத்திட்ட ஒரு பக்கக் குறிப்பை அங்கேயே எழுதி வாங்கிவிடுங்கள். கிராம சபையில் வாசிக்கவும், பரிவேஷில் ஏற்றவும், பின்னால் புது அதிகாரி மாறி வந்து முதலிலிருந்து கேட்கும்போது எடுத்து நீட்டவும் அந்த ஒரு பக்கம் வேண்டியிருக்கும்.